அக்காவின் முகவரி

பக்கத்து நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததுமே, ஆள் புதுசு என்று லாரி டிரைவருக்குத் தெரிந்துவிட்டது.

"முதல் தடவையா?"

"ஆமாங்க."

"அப்படித்தான் இருக்கும். நான் வந்த அன்னைக்கு இந்த வாசப்படியைத் தாண்டவே அரை நாள் ஆச்சு. எது? சீட்டா, குதிரையா, போன்ல ஆடுறதா?"

"நான் ஆடுறதில்லைங்க."

"எல்லாரும் வந்ததும் அதைத்தான் சொல்வோம்" என்று டிரைவர் சிரித்தார்.

அதற்கு மேல் அவன் மறுக்கவில்லை. சூதாட்டத்தை விட முடியாமல் தவிப்பவர்கள் வரும் இடத்தில், தன்னையும் சூதாடி என்றே நினைத்துக்கொள்ளட்டும். தான் செய்துவிட்டு வந்த காரியத்தைச் சொல்வதைவிட அதுவே கௌரவமாக இருந்தது.

"உள்ளே அக்காகிட்ட எதையும் மறைக்காதீங்க. ஒரு வார்த்தை கடிஞ்சு பேச மாட்டாங்க. ஒரு காலத்துல வீட்டையே வச்சு ஆடித் தோத்தவங்க. அதுலேருந்து எழுந்து வந்துதான் நம்மளைத் தூக்கி விடுறாங்க." டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "பாவம், இந்த வாரம் அவங்க முகமே சரியில்லை. கூட்டத்தைப் பாதியில முடிச்சுட்டு ரூமுக்குள்ள போயிடுறாங்க. வெளியில கண்டபடி பேசுறாங்கல்ல, அக்கா தன் பேரைச் சூதாட்டக் கம்பெனிக்கு வித்துட்டாங்கன்னு."

அவனுக்குக் காது சுட்டது. அக்கா எதையும் விற்கவில்லை. பறிகொடுத்தது அவன்.

அவன் தொழில் இணையதளம் அமைப்பது. குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்த அவன் அண்ணனை இதே கட்டடத்தில்தான் அக்கா மனுஷனாக்கினார். அந்த நன்றிக்கு அவன் காசு வாங்காமல் ஒரு தளம் செய்து கொடுத்தான். அக்கா பெயரிலேயே முகவரி. உள்ளே அவருடைய போன் நம்பர், 'கை துறுதுறுக்கும்போது கூப்பிடுங்கள்' என்று ஒரே ஒரு வரி. அந்த முகவரியை அட்டையில் அச்சடித்து, வந்தவர்களின் சட்டைப் பையில் அக்காவே வைத்து அனுப்புவார்.

"இதை வருஷா வருஷம் புதுப்பிக்கணுமாமே?" என்று அக்கா அப்போதே போனில் கேட்டார்.

"அது தானா நடக்கும்க்கா. என் கார்டுல சேர்த்து வச்சிருக்கேன். நீங்க மறந்துடலாம்."

அக்கா மறந்தாரோ இல்லையோ, அவன் சுத்தமாக மறந்தான். வங்கி புதுக் கார்டு கொடுத்தபோது அதை அங்கே போய்ப் பதிய வேண்டும் என்று தோன்றவே இல்லை. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்களை, 'இப்படி எத்தனை மோசடி பார்த்திருக்கோம், நம்மகிட்டேயேவா' என்று கெட்டிக்காரத்தனமாகக் குப்பையில் தள்ளினான். கெடு முடிந்து முகவரி சந்தைக்கு வந்ததுமே, ஒரு சூதாட்டக் கம்பெனி அதைக் கொத்திக்கொண்டு போய்விட்டது.

விஷயம் அவனுக்குத் தெரிந்ததே அண்ணி போன் செய்த பிறகுதான். "உங்க அண்ணன் அக்கா கொடுத்த அட்டையைப் பார்த்து ஏதோ தட்டினார். அடுத்த நிமிஷம் போனைக் கொண்டுபோய்த் தண்ணித் தொட்டியில போட்டுட்டு வந்து அழறார். அதுல என்னப்பா இருக்கு?"

சுழலும் சக்கரம் இருந்தது. 'முதல் ஆட்டம் இலவசம்' என்று இருந்தது. அண்ணனுக்குத் தூக்கிப் போடத் தெம்பு இருந்தது. அது இல்லாதவர்கள் எத்தனை பேர் அந்த அட்டையைப் பார்த்துத் தட்டினார்களோ! நினைக்க நினைக்க அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தபோது, "அடுத்தது யாரு?" என்று உள்ளே இருந்து அக்காவின் குரல் கேட்டது.

"போங்க. பயப்படாதீங்க" என்று டிரைவர் முதுகில் தட்டி அனுப்பினார்.

அக்கா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தூங்கிப் பல நாள் ஆன கண்கள். அவனைக் கண்டதும் கையிலிருந்த போனைச் சட்டென்று கவிழ்த்து வைத்தார். அந்தப் பாழாய்ப்போன பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அவனுக்குப் புரிந்தது. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

"அக்கா..." வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. "தப்பு என்னுதுக்கா. புதுப்பிக்க மறந்துட்டேன். உங்க பேரை நாசம் பண்ணிட்டேன். என்னைச் செருப்பால அடிங்க."

"தெரியும்ப்பா." அக்கா குரலில் கோபமே இல்லை. "யாரோ போன் பண்ணிச் சொன்னாங்க. அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்கத்தான் திறந்தேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. அவனுக்குக் கண் கலங்கியது.

"அப்படியே விட்டுட மாட்டேன்க்கா. வாங்கினவங்களைத் தேடிப் பிடிச்சுப் பேசிட்டேன். பைக்கை வித்துட்டு, கேட்டதைக் கொடுக்கிறதா ஒத்துக்கிட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் முகவரி நம்ம கைக்கு வந்துடும். அதோட அந்த ஆட்டக்கடை காலி. நாளைக்குக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் நானே நின்னு உண்மையைச் சொல்றேன். உங்க மேல ஒரு தூசு ஒட்டாது."

அக்காவின் முகத்தில் கொஞ்சமாவது நிம்மதி தெரியும் என்று எதிர்பார்த்தான். அவர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சில்லிட்டிருந்தன. அவன் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"ரெண்டு நாள் கழிச்சு வாங்கிக்கலாமாப்பா? விட்டதை மட்டும் பிடிச்சுடுறேன்."