இன்னும் கொஞ்சம் கறுப்பு இருக்கு

ஜமாலுதீன் பாயைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, என் காரின் கியர் ஆயில் அளவுக்கம்பியைப் பழைய பனியன் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் கறுப்பு இருக்கு சார். அடுத்த மாசம் வாங்க."

பல மாதமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கார் என் மனைவி பிரிசில்லாவுடையது. சின்ன வயதில் போலியோ வந்த இடது கால், கிளட்சை மிதிக்காது. அதனால் ஆட்டோமேட்டிக் வண்டி. சிதம்பரத்திலிருந்து குறிஞ்சிப்பாடிப் பள்ளிக்கூடத்துக்குப் பதினெட்டு வருடம் ஓட்டினாள். நான் ஏறினால் பக்கத்து சீட்தான். அவள் போன பிறகு, அறுபத்து மூன்று வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அப்போதே இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது.

கொஞ்ச நாளில் கியர் மாறும்போதெல்லாம் வண்டி குலுங்க ஆரம்பித்தது.

"கியர் பாக்ஸ் போயிடுச்சு மாமா. எடைக்குப் போட்டுடுங்க" என்றான் மைத்துனன் அன்பரசு.

டிரைவர் சீட்டை அவள் வைத்திருந்த இடத்திலிருந்து நான் பின்னால் தள்ளவில்லை. முழங்கால் இடிக்க இடிக்கத்தான் ஓட்டுகிறேன். அந்த வண்டியை எப்படி எடைக்குப் போடுவது.

கடலூரில் விசாரித்தபோது, நல்ல மெக்கானிக் என்று பாயைக் காட்டினார்கள். கம்பியை உருவிப் பார்த்தார். சிவப்பாக இருக்கவேண்டிய எண்ணெய் டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது. கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்டார். மாற்றவேண்டும் என்பதே எங்கள் இருவருக்கும் தெரியாது என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன்.

"இவ்ளோ ஓடின வண்டிக்கு மொத்தத்தையும் ஒரே நாள்ல மாத்தக் கூடாது சார். கியர் பிடிப்பு விட்டுடும். பாதியை இறக்கிட்டுப் புதுசு ஊத்துறேன். ஒரு மாசம் ஓட்டிட்டு வாங்க, மறுபடி பாதி. மெதுவாப் பழகட்டும்."

மூன்றாவது மாதமே குலுக்கல் நின்றுவிட்டது. பாய் விடவில்லை. ஒவ்வொரு முதல் சனிக்கிழமையும் கம்பியை உருவுவார், துடைப்பார், கறுப்பு இருக்கு என்பார். பிறகு டீ வரும். அவர் மகன்கள் ஷார்ஜாவில். மனைவி சுல்தானா இறந்து ஆறு வருடம். புது வண்டிகளெல்லாம் கம்பெனி சர்வீசுக்குப் போய்விட, ஷெட்டில் பெரும்பாலும் என் வண்டி மட்டும்தான் நிற்கும். மதியம் வரை அவர் பேசுவார், நான் கேட்பேன். சில நாள் நானும் பிரிசில்லாவைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பேன்.

அன்பரசுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு எண்ணெய் மாத்த ஒரு வருஷமா? ஒண்ணு, அந்த ஆளுக்கு வேலை தெரியலை. இல்ல, உங்களை நல்லா ஏய்க்கிறாரு. நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் போயி ஏமாந்துட்டு வரீங்க மாமா."

அடுத்த முதல் சனிக்கிழமையும் கடலூருக்குக் கிளம்பினேன்.

பன்னிரண்டாவது மாதத்தின் முதல் சனிக்கிழமை போனபோது ஷெட் பூட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை மாரடைப்பு என்று டீக்கடையில் சொன்னார்கள். பின் தெருவில் இருந்த வீட்டுக்குப் போனேன். புதுச்சேரியில் கட்டிக்கொடுத்த மகள் ரூமானா வாசலுக்கு வந்தாள். காரைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"சிதம்பரம் அங்கிள்தானே? நீங்க எங்க அத்தாவை மன்னிச்சுடணும்."

"எதுக்கும்மா?"

"உங்க வண்டி வேலை மூணு மாசத்துலயே முடிஞ்சிடுச்சு. அப்புறம் கறுப்பு இருக்குன்னு சொன்னதெல்லாம் பொய். அந்த சார், வீட்டம்மா போனதுலேர்ந்து யார்கிட்டயும் பேசுறதில்லை, இங்க வந்தாதான் நாலு வார்த்தை பேசுறாரு, வேலை முடிஞ்சிடுச்சுன்னா வரமாட்டாருன்னு அத்தா சொல்லுவாங்க."

தலையை ஆட்டினேன்.

கறுப்புக்கும் சிவப்புக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியும். நாலாவது மாதமே அந்தப் பனியன் துணியில் பார்த்துவிட்டேன். பாவம், பேச ஆளில்லாத மனுஷன் என்றுதான் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தேன்.

ரூமானா ஷெட்டைத் திறந்து ஒரு கேனை எடுத்துவந்து கொடுத்தாள். அதன்மேல் என் வண்டி நம்பர் எழுதியிருந்தது. உள்ளே அரை லிட்டர் சிவப்பு எண்ணெய் மீதி இருக்கிறது.