சின்ன ஊசி

“இந்த மாசமும் டிரிப்ஸ் ஏறி முடிய அரை நாள் ஆச்சு. ஆனா அந்த நர்ஸ் பேசுற பேச்சுல நேரம் போனதே தெரியல” என்றார் கணவர்.

மருந்து ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மனைவிக்கு வயிறு எரிந்தது.

டிரிப்ஸில் ஏறும் அதே ஆன்டிபாடி மருந்தைத் தோலுக்கடியில் போடும் சின்ன ஊசிக்குள் அடக்க முனைந்தாள். செறிவைக் கூட்டினால் தேனாய்க் கெட்டியானது, இளக்கினால் திரிந்துபோனது. வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினாள். கடைசியில் கெடாமல், தெளிவாக நின்றது; அனுமதியும் கிடைத்தது.

“நோயாளிங்க மேல என்ன அக்கறைம்மா உங்களுக்கு!” என்று நெகிழ்ந்தார் மேலதிகாரி.

“ஒரு நோயாளி மேலதான் சார்.”

வீட்டுக்கு ஓடினாள். “இனிமே நீங்க ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டாம்ல?”

“வேண்டவே வேண்டாம். அந்த நர்ஸே வீட்டுக்கு வந்து ஊசி போடுவாங்களாம். நம்ம ஏரியாவை அவங்கதான் கேட்டு வாங்கியிருக்காங்க!”