கலிகோனோ வேட்டை

வைசன் படகின் விளிம்பில் குப்புறப் படுத்து ஏரிக்குள் எட்டிப் பார்த்தான். கண்ணாடி மாதிரி தண்ணீர். அடியில் வெள்ளை மணல்.

மணலில் ஒருக்களித்தபடி இரண்டு பேர் கிடந்தார்கள். ஒன்று மீன். இன்னொன்று அவன் அக்கா புருஷன் மசாவுக்கோ.

மீன் சாகவில்லை. செத்தமாதிரி கிடப்பதுதான் அந்தக் கலிகோனோ மீனின் பிழைப்பு. உடம்பெல்லாம் அழுகிப்போனது போலத் திட்டுத்திட்டாகப் பழுப்பு. பிணத்தைக் கொத்தித் தின்னலாம் என்று பொடிமீன்கள் ஆசையாக வரும். லபக்கென்று ஒரு பாய்ச்சல். அந்த நொடியில் மட்டும் அதற்கு வேறெதுவும் கண்ணில் படாது. வலையை அப்போது போட்டால்தான் உண்டு.

அதற்காக அதன் பக்கத்திலேயே அசையாமல் படுத்துக்கிடப்பது மசாவுக்கோவின் வழக்கம். வெளிநாட்டுக் கண்ணாடித் தொட்டிகளுக்கு மீன் பிடித்துக் கொடுக்கிற அந்தக் கரையில் அவனளவு பொறுமை யாருக்கும் கிடையாது. வாயில் காற்றுக் குழாய். அதன் மறுமுனை படகில் தடதடக்கும் காற்றழுத்த இயந்திரத்தில்.

"நீ போய்ப் பக்கத்துல படுத்தா, ரெண்டுல எது பொணம்னு அந்த மீனே குழம்பிடும் மச்சான்" என்று காலையில்தான் வைசன் ஓட்டியிருந்தான். மச்சானும் மைத்துனனும் ஒருவரையொருவர் ஓட்டாவிட்டால்தான் அந்த ஊரில் ஏதோ சண்டை என்று சந்தேகப்படுவார்கள்.

இப்போது குமிழிகள் நின்றுபோயின.

வைசன் இயந்திரத்தைப் பார்த்தான். ஓடிக்கொண்டுதான் இருந்தது. குழாயைத் தடவிப் பார்த்தான். மடிப்பு எதுவும் இல்லை.

விளையாடுகிறான், என்னைப் பயமுறுத்தப் பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைத்தான்.

ஒரு பொடிமீன் மசாவுக்கோவின் காதருகே போய்க் கொத்தியது. அவன் அசையவில்லை.

கைக்குழந்தையோடு கரையில் மரவள்ளி காயவைத்துக்கொண்டிருக்கிற அக்காவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

மசாவுக்கோவின் இடுப்பில் கட்டிய கயிற்றை இரண்டு கையாலும் பற்றி இழுத்தான். உள்ளங்கை கிழியக் கிழிய, மூச்சுவிடாமல் இழுத்தான்.

மசாவுக்கோ தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே வந்தான். கண் திறந்திருந்தது. படகுக்குள் உருண்டு விழுந்து, குழாயைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

வைசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே அழுகையும் கோபமும் வந்தன. மசாவுக்கோவின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தான்.

"கெடுத்தியேடா மாப்ள. குமிழியப் பாத்து மீனு மிரளுதேன்னு மூச்சைப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். வலைக்குள்ள வர்ற நேரத்துல இழுத்துட்டியே பாவி."

வைசனும் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே இயந்திரத்தை அணைக்கக் கை நீட்டினான்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

ஆழத்தில் நெஞ்சுக்குள் அடைத்த காற்று மேலே வர வர ஊதும்; வெளியே விடாவிட்டால் நுரையீரலைக் கிழித்துவிடும். மூச்சை விட்டுக்கொண்டே, மெதுவாகத்தான் வர வேண்டும். கயிறு பிடிக்க வருகிறவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. இத்தனை வருஷத்தில் வைசன் அதை ஒருநாளும் மறந்ததில்லை.

"மச்சான்" என்றான். "நான் இழுத்தப்ப மூச்சை வெளிய விட்டியா?"

மசாவுக்கோவின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

நுரை வந்தது. சிவப்பாக இருந்தது.