முக்கால் பங்கு

"அஞ்சு வருஷத் தவணையாம்! யார் காதுல பூ சுத்தறான் இவன்?"

ஃபோம் வியாபாரி போட்ட சத்தத்தில் வாசல் காவலாளியே உள்ளே எட்டிப் பார்த்தார்.

மெத்தைக்கடைக்காரரின் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு யார் கத்தியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பாள். இவரா! வருஷக்கணக்காக அவள் கையால் சாப்பிட்ட மனுஷன். "தங்கச்சி, தங்கச்சி" என்று வாய் நிறையக் கூப்பிட்டவர்.

விஷயம் இதுதான். ஒரு பெரிய ஹோட்டல் அறைக்கு அறை மெத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு, காசு கொடுக்கிற நேரத்தில் இழுத்து மூடிவிட்டது. ஊரையெல்லாம் நிம்மதியாகத் தூங்கவைத்த மெத்தைக்காரருக்குத் தூக்கம் போனது. சரக்குக் கொடுத்தவர்கள் எல்லாரும் கடை வாசலில் வந்து நின்றார்கள்.

"பேசாம திவால்னு எழுதிக் கொடுத்துடுங்க," என்றார் வக்கீல். "கடை போகும், மாடி வீடும் போகும். ஆனா கடனும் அதோட ஒழிஞ்சுது. அப்புறம் ஒருத்தன் உங்களைக் கேக்க முடியாது."

"கேக்க முடியாது, சரி. நான் அவங்க முகத்துல எப்படி சார் முழிக்கிறது? வேற வழியே இல்லையா?"

இருந்தது. தவணை ஒப்பந்தம். கடையும் தையல் மிஷின்களும் அப்படியே இருக்கும், சம்பாதித்து அஞ்சு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கலாம். ஆனால் மொத்தக் கடனில் முக்கால் பங்குக்கு உரியவர்கள் சம்மதம் என்று கை தூக்க வேண்டும். அதற்குத்தான் திவால் அதிகாரியம்மாவின் அலுவலகத்தில் இந்தக் கூட்டம். கை எழவில்லையென்றால் கடைக்குப் பூட்டு, குடும்பம் நடுத்தெருவில்.

கூட்டம் தொடங்கும்போதே காற்று சரியாக அடிக்கவில்லை. "திவால்னா வந்தவரைக்கும் லாபம்னு வாங்கிட்டுப் போயிடலாம். தவணைன்னா இவர் பின்னாலயே அலையணும்," என்று கட்டிலுக்கு மரம் கொடுத்தவர் முணுமுணுத்தார். நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின.

அந்த நேரம் பார்த்துத்தான் ஃபோம் வியாபாரி எழுந்து இந்தக் கத்து கத்தினார். இருக்கிறதிலேயே பெரிய கடன் அவருக்குத்தான், மூன்றில் ஒரு பங்கு.

"தொழில் தெரியாதவன் சார் இவன்! இவன் தைக்கிற மெத்தை ஆறு மாசம் தாங்குமா?"

மரக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படிச் சொல்லாதீங்க. என் வீட்டுல பன்னெண்டு வருஷமா அந்த மெத்தையிலதான் படுக்கறோம். இன்னும் ஒரு குழி விழல."

"சரி, நாணயம் உண்டா? கேட்ட நாளைக்குக் காசு கொடுத்திருக்கானா?"

"எனக்குக் கேக்கறதுக்கு முன்னாடியே கொண்டுவந்து கொடுத்திருக்காரு," என்றார் துணி வியாபாரி. "அந்த ஹோட்டல்காரன் கவுத்துட்டான், இவர் என்ன பண்ணுவாரு?"

"ஓகோ! அப்ப பணமெல்லாம் எங்க போச்சுன்னு நானே சொல்றேன். அதோ உக்காந்திருக்காங்களே மகாராணி, அவங்க கழுத்துக்கும் காதுக்கும்தான் போச்சு!"

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. காதில் பிளாஸ்டிக் தோடு. கழுத்தில் ஒரு குந்துமணித் தங்கம் கிடையாது. தையல்காரப் பெண்களுக்குப் போன மாதச் சம்பளம் கொடுக்க, கடைசியாக இருந்த சங்கிலியும் போய்விட்டது. முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். பக்கத்தில் புருஷன் குனிந்த தலை நிமிரவில்லை.

நூல் கொடுக்கிற அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"யோவ், உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? அந்தப் பொண்ணு கழுத்தைப் பாத்துட்டுப் பேசுய்யா! என் பணம் மெதுவாவே வரட்டும். இந்தா, தூக்கிட்டேன் கையை!"

மரக்காரர் தொண்டையைக் கனைத்தார். "எனக்கும் சம்மதங்க."

துணி வியாபாரியின் கை எழுந்தது. பின்வரிசையில் இன்னும் சில கைகள் எழுந்தன.

"எல்லாரும் ஒண்ணு சேந்துட்டீங்க. நான் ஒருத்தன் மட்டும் என்னத்தைக் கிழிக்கப்போறேன்?" என்று முனகிக்கொண்டே ஃபோம் வியாபாரியும் கையைத் தூக்கித் தொலைத்தார்.

அதிகாரியம்மா கூட்டிப் பார்த்தாள். "முக்கால் பங்குக்கு மேலயே இருக்கு. தவணைக்கு ஒப்புதல். போய்க் கடையைத் திறங்க சார்."

மெத்தைக்காரர் குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். அவளுக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. விறுவிறுவென்று வெளியே வந்து, படியிறங்கிக்கொண்டிருந்த ஃபோம் வியாபாரியை மறித்துக்கொண்டாள்.

"அண்ணே! அந்தச் சங்கிலியை என்கிட்டேருந்து வாங்கிட்டுப் போய் வித்துக் கொடுத்ததே நீங்கதானே! எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொல்ல உங்களுக்கு எப்படிண்ணே மனசு வந்துச்சு?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கத்திக் கத்திக் குரல் கம்மிப் போயிருந்தது.

"நான் உங்க வீட்டுல சாப்பிடறவன்னு எல்லாருக்கும் தெரியும்மா. நான் பரிஞ்சு பேசினா எடுபடுமா? என் ஒரு கையை வெச்சுக்கிட்டு முக்கால் பங்குக்கு எங்க போறது?"

"அதுக்காக?"

"நகையெல்லாம் வித்துட்டாங்கன்னு சொல்லியிருந்தா, 'ப்ச்'னு சொல்லிட்டுச் சும்மா இருந்திருப்பாங்க. மாட்டிக்கிட்டுத் திரியறாங்கன்னு சொன்னாத்தான் தங்கச்சி, ஒரு தடவையாவது உன் கழுத்தைத் திரும்பிப் பாப்பாங்க!"