அதே ரேகை

"உள்ளே யாரு யாரு? பேஷண்ட் ஒருத்தர், அவரோட அண்ணன், நான். போதும். வாசல்ல நிக்கிற தம்பிங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க," என்றாள் நர்ஸ் அஞ்சலாட்சி.

நாற்காலியில் எழிலரசன் நடுங்கிக்கொண்டிருந்தான். அவன் இடது கைக்கு வேறொரு நர்ஸ் ஏற்கெனவே கட்டுப் போட்டிருந்தாள். அந்தக் கையைப் பக்கத்தில் இருந்த ராஜாங்கம் விடவே இல்லை. பிடித்த கைகளின் மேல் ஒரு துண்டு கிடந்தது. நல்ல பாசம் என்று அஞ்சலாட்சி நினைத்துக்கொண்டாள்.

வலது கையைப் பிரித்தாள். விரல் நுனிகளில் தோல் கருகி, அவித்த உருளைக்கிழங்கின் தோலாய் உரிந்து வந்தது. அடியில் ஈரச் சிவப்பு.

"என்ன பட்டுச்சு?"

"பச்சை முந்திரிக்கொட்டைத் தோல்ல வர்ற பால்."

"பத்து விரல்லயுமா? மருதாணியா அது, பூசிக்கிட்டு உக்கார?"

எழிலரசன் உரிந்த விரல்களையே பார்த்தான். "ரேகை திரும்ப வருமா சிஸ்டர்?" என்று கேட்டான்.

"ஓ, அதான் பயமா? மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை கம்பெனியா? வேலைக்கு ரேகை வைக்கணுமா?"

"ஆமாம்மா," என்று ராஜாங்கம் முந்திக்கொண்டார். "ரேகை சரியா விழுந்தாத்தான் இவன் உள்ள போக முடியும்."

"அப்ப கவலைய விடுங்க. போனது மேல்தோல்தான். ரேகையோட வேர் அடித்தோல்ல இருக்கு. எங்கம்மா பண்ருட்டியில முந்திரி உடைச்சவங்க. ரேஷன் கடை மெஷின்ல ரேகையே விழாது. வேலையை விட்டாங்க, ஒரு மாசத்துல வந்துடுச்சு."

"வேற மாதிரி வந்துட்டா?"

"கோடு பிசகாம அதே ரேகைதான் வரும். அடித்தோலும் வெந்திருந்தா வராது, வலியும் தெரியாது. உங்களுக்கு வலிக்குதில்ல?"

"உயிர் போவுது."

"நல்லதுக்குத்தான்."

அதைக் கேட்டும் அவன் நடுக்கம் கூடியதே தவிர, குறையவில்லை.

கட்டு முடிந்தது. இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். துண்டு நழுவி விழுந்தது. எழிலரசன் மணிக்கட்டில் விலங்கு. அதன் சங்கிலி ராஜாங்கத்தின் கையில்.

அவர் போனை எடுத்தார். "சார், க்ளெமான்ஸ் மதாம் கொலை கேஸ். பீரோ கண்ணாடியில ரத்தத்தோட இருந்த ரேகையை ஒரு மாசத்துல இவன் விரலோட ஒத்துப் பார்த்துடலாம். அதேதான் வருமாம், நர்சம்மா சொல்லிட்டாங்க."

அஞ்சலாட்சியின் கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அந்தப் பிரெஞ்சுக்கார மதாமின் வீடு அவள் தெருவில்தான்.

வாசலில் நின்ற 'தம்பிகள்' எழிலரசனைப் போலீஸ் வேனுக்குள் தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.