ஏ டிரைவில் டிஸ்க் இல்லை

கணினித் திரை மறுபடியும் அதையேதான் கேட்டது.

ஏ டிரைவில் டிஸ்க் இல்லை. இன்னொரு தரம் பார்க்கட்டுமா?

அவள் பல்லைக் கடித்தாள். பக்கத்திலேயே பி டிரைவ் இருக்கிறது. டிஸ்க்கை வாங்கி வைத்துக்கொண்டு தயாராக இருக்கிறது. இந்தச் சனியன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது.

கீபோர்டும் கணினியும் ஒரே டப்பாவாக வந்த காலத்துச் சாமான். பெங்களூரில் பழையது சேர்க்கிறவர் ஒருவர் அனுப்பியிருந்தார். உள்ளே இருக்கும் ஏ டிரைவில் ரப்பர் பெல்ட் உருகிப் புளிக்கரைசலாகிவிட்டது. அதற்கேற்ற டிஸ்க்கும் இப்போது கிடைப்பதில்லை. வெளியே மாட்டுகிற பி டிரைவிலிருந்தே இது கிளம்ப வேண்டும், அதற்கு வழி செய்யுங்கள் என்று கேட்டிருந்தார். இந்த மாதிரி வேலைதான் அவளுக்குச் சோறு போடுகிறது.

"பாப்பா."

உள் அறையிலிருந்து அப்பா.

"குணா கூப்புட்டானா?"

"இல்லீங்கப்பா."

தலை நரைத்த பிறகும் பாப்பா.

அப்பாவின் வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. சர்க்கரை. நாளைச் சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள், விரலோடு போகட்டும், தள்ளிப்போட்டால் முழங்கால் வரைக்கும் எடுக்க வேண்டியிருக்கும் என்று நேற்றுக் காலை டாக்டர் அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

அப்பா தலையாட்டினார். வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்துக்கொண்டார்.

"குணா ஒரு வார்த்த சொல்லீரட்டும்."

அண்ணன் குணசீலன் மெல்போர்னில் இருக்கிறான். எத்தனை தரம் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. நேற்று ஒரு செய்தி மட்டும் அனுப்பியிருந்தான். மீட்டிங்ல இருக்கேன், விசாரிச்சுச் சொல்றேன், அதுவரைக்கும் ஒண்ணும் பண்ண வேண்டாம்.

அதை அவள் அப்பாவிடம் காட்டவில்லை.

என்ன விசாரிக்கப் போகிறான்? புண்ணைக் கழுவுவது அவள். ஊசி போடுவது அவள். அந்த நாற்றத்தோடு உட்கார்ந்து சோறு தின்பதும் அவள்தான். குத்துக்கல்லாட்டம் இதே வீட்டுக்குள் இருக்கிற ஒருத்தி வாயைத் திறந்தால் அது பேச்சிலேயே சேர்த்தியில்லை.

காலையில் கெஞ்சிப் பார்த்தாள். கத்தியும் பார்த்தாள்.

"சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்" என்றார்.

கஞ்சி டம்ளரை மேசையில் வைத்த வேகத்தில் பாதி கொட்டிவிட்டது. துடைக்காமல் வந்துதான் திருப்புளியைக் கையில் எடுத்தாள்.

மூடியைக் கழற்றினாள். போர்டிலிருந்து இரண்டு கம்பிகள் கிளம்புகின்றன. ஒன்று ஏ-யைக் கூப்பிட. மற்றது பி-யைக் கூப்பிட. கிளம்பும்போது இது முதல் கம்பியைத்தான் பிடித்து இழுக்கும். அந்தப் பக்கம் இருப்பது உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்று அதற்குக் கவலையே கிடையாது.

இரண்டையும் வெட்டினாள்.

வெட்டும்போது மனசுக்கு இதமாக இருந்தது.

நடுவில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்து இரண்டையும் இடம் மாற்றிப் பற்றவைத்தாள். இனி ஏ-யைக் கூப்பிட்டால் அந்தக் கூப்பாடு பி-க்குப் போகும்.

கரண்ட் கொடுத்தாள்.

பி டிரைவின் விளக்கு எரிந்தது. கரகரவென்று ஓடியது. திரை நிரம்பியது.

அவள் சிரிக்கவில்லை. திரையின் மூலையைப் பார்த்தாள். ஏ என்றுதான் இருந்தது. ஓடியது பி, பெயர் ஏ-க்கு. அந்த மடச் சாமானுக்கு வித்தியாசமே தெரியவில்லை. சந்தோஷமாக வேலை செய்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உள் அறை வாசலில் போய் நின்றாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

"சொல்லுண்ணா... ஆமா... சரிண்ணா. சொல்லீர்றேன்."

அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"குணாவா? இங்க குடு."

"அண்ணன் வெச்சிருச்சுங்கப்பா. மீட்டிங்காமா. இன்னைக்கே ஆப்பரேசன் பண்ணிக்கச் சொல்லுச்சு."

அவ்வளவுதான். அப்பா போர்வையை விலக்கினார்.

"அந்த வெள்ளச் சட்டைய எடு. ஆட்டோவுக்குச் சொல்லு. அவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

அவளுக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. கால் தப்பித்தது, அது போதும் என்று நினைக்கப் பார்த்தாள். போதவில்லை.

ஆட்டோவுக்குச் சொன்னாள். சட்டையை மாட்டிவிட்டுப் பொத்தான் போட ஆரம்பித்தாள்.

"வேற என்ன சொன்னான்?"

அவள் கை நின்றது.

"பாப்பா தனியாக் கெடந்து கஷ்டப்படுதுன்னு சொல்லுச்சுங்க. அது பேச்சையுங் கொஞ்சம் கேளுங்கன்னு சொல்லுச்சு."

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா. அங்க இருந்தாலும் அவனுக்கு உன்ற நெனப்புத்தான்."

அவள் கையை விடுவித்துக்கொண்டு மீதிப் பொத்தான்களைப் போட்டாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அப்பாவின் தோளைத் தாங்கி ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் போன் அதிர்ந்தது. திரையில் அண்ணன் பெயர்.

கட் செய்தாள்.

"யாரு பாப்பா?"

"ராங் நம்பருங்கப்பா."