வாசல் வெளிச்சம்

ஜவுளிக்காரர்கள் எந்த நிறத்தையும் கடைவிளக்கில் பார்த்து நம்ப மாட்டார்கள். பெண்பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாயும் குழல்வாய்மொழியின் மோவாயைப் பிடித்து, பட்டுப்புடவையைக் கொண்டுபோவதுபோல் வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போனாள். கன்னத்துச் சிவப்பு மச்சம் பவுடரை மீறிக்கொண்டு பளிச்சிட்டது.

"கிரகணத்தன்னிக்கு வெளிய போயிருப்பீங்க," என்றாள் பெண்ணின் அம்மாவிடம். பெற்ற நாள் முதலாய் அந்தப் பழியை நம்பிக் குனிந்திருந்தவள் இன்னும் குனிந்தாள்.

குழல்வாய்மொழிக்குப் பொறுக்கவில்லை. "கிரகணமுமில்ல, எங்கம்மா தப்புமில்ல அத்தை. ரத்தக்குழாயோட உள்சுவர்ல, கருவிலேயே தானா வந்த மாற்றம்னு டாக்டரே சொல்லிட்டாங்க." முந்தானையால் பவுடரை அழுத்தித் துடைத்தாள். "நல்லாப் பாத்துக்குங்க. அப்படியே உங்க பிள்ளையையும் வாசலுக்கு வரச் சொல்லுங்க. நானும் பாக்கணுமில்ல?"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அம்மா தலை நிமிர்ந்தாள்.